கேளாமல் செய்யும் சோதனை: பணியிடக் கணினிப் பாதுகாப்பின் அறம்

யாழ்ப்பாணத்தில் 'பாதுகாப்புச் சோதனை' என்ற சொற்றொடருக்கு நீண்ட வரலாறு உண்டு. போர்க்காலத்தில் சாவடிக்குச் சாவடி சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, பையைத் திறந்து காட்டியவர்களில் பலர் இன்று அலுவலகங்களில் பொறுப்பான பதவிகளில் இருக்கிறார்கள். 2002இல் ஏ9 வீதி திறந்து 2006 ஓகஸ்டில் மூடப்படும்வரை முகமாலைச் சோதனைச்சாவடியைக் கடந்த ஒவ்வொருவரின் பொதியையும் போரிட்ட இரு தரப்பினரும் அவிழ்த்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனைகளுக்கெல்லாம் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: மக்களின் பாதுகாப்பு. சோதிக்கப்பட்டவரிடம் அதற்குச் சம்மதமா என்று யாரும் கேட்டதில்லை. இன்று அதே சொற்றொடர் திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் உள்ள கணினி நிறுவனங்களில், வங்கிக் கிளைகளில், வைத்தியசாலைகளில், கூட்டுறவுச் சங்கங்களில் வேறொரு பொருளோடு புழங்குகிறது. வலைப்பின்னலில் ஓட்டை இருக்கிறதா, கடவுச்சொற்கள் பலமானவையா, வெளியாள் ஒருவர் நுழைய முடியுமா என்று பார்ப்பதற்குப் பெயரும் பாதுகாப்புச் சோதனைதான். ஊழியர் ஒருவர் யாரிடமும் கேட்காமல், நல்லெண்ணத்தோடு, தன் பணியிடத்தின் கணினிகளைத் தானே சோதித்துப் பார்க்கலாமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கூடாது என்பதே என் முடிவு. ஆனால் அந்த 'கூடாது' ஊழியரை மட்டும் கட்டுப்படுத்தினால் அது பாதி நியாயமாகவே நிற்கும். அனுமதி கேட்பது ஊழியரின் கடமை என்றால், கேட்பதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை. இரண்டையும் சேர்த்தே நிறுவ வேண்டும்.

முதலில் செயலைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊடுருவல் சோதனை என்பது தாக்குபவர் செய்யக்கூடியதைத் தாக்குதலுக்கு முன்பே செய்து பார்ப்பது. எந்தக் கணினியில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தேடுவார்கள். இலகுவான கடவுச்சொற்களை ஊகிப்பார்கள். பழைய மென்பொருளில் ஏற்கெனவே அறியப்பட்ட பலவீனத்தைப் பயன்படுத்திப் பார்ப்பார்கள். ஊழியர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பி யார் ஏமாறுகிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். இந்த வேலைகளுக்குப் பயன்படும் கருவிகள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைப்பவை. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் அறையிலிருந்தே அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். கூலிக்கு அமர்த்தப்பட்ட சோதனையாளரும் தரவைத் திருட வந்தவரும் ஒரே கருவியைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஒரே கட்டளையைத்தான் தட்டுகிறார்கள். சேவையகத்தின் பதிவேட்டில் இருவரின் தடயமும் ஒரே மாதிரித்தான் விழும். அவர்களைப் பிரித்துக் காட்டுவது செயலுக்கு வெளியே இருக்கும் ஒன்று: செயலுக்கு முன்பே கொடுக்கப்பட்ட அனுமதி. ஆகவே இந்தத் தொழிலில் அனுமதி வெறும் அலுவலகச் சம்பிரதாயமாக இல்லை. தொழிலைக் குற்றத்திலிருந்து வேறாக்குவதே அதுதான்.

இதை உலகம் விளங்கிக்கொண்ட பழைய வழக்குகளில் ஒன்று அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நடந்தது. பேர்ள் நிரல்மொழி பற்றிய நூல்களால் அறியப்பட்ட ரண்டல் ஷ்வாட்ஸ், இன்டெல் நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றியவர். 1993இல் அவர் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறியிருந்தார். பழைய பிரிவின் கடவுச்சொற் கோப்பை எடுத்து, கடவுச்சொற்களை உடைத்துப் பார்க்கும் நிரல் ஒன்றில் ஓடவிட்டார். ஏறத்தாழ 600 கடவுச்சொற்களில் 48 உடைந்தன. தான் விலகிய பிறகு அந்தப் பிரிவின் பாதுகாப்புத் தளர்ந்துவிட்டதை நிரூபித்துக் காட்டவே இதைச் செய்ததாக அவர் தரப்பு சொன்னது. அவர் அந்தக் கடவுச்சொற்களை விற்றதாகவோ நிறுவனத்தின் இரகசியங்களைப் போட்டியாளருக்குக் கொடுத்ததாகவோ நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 1995 ஜூலையில் ஜூரிகள் மூன்று குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளியாகக் கண்டனர். ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 480 மணிநேர சமூக சேவை, ஏறத்தாழ 68,000 டொலர் இழப்பீடு என்று தண்டனை வந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தது. 2007இல்தான் அந்தக் குற்றப்பதிவு நீக்கப்பட்டது. ஒரு மனிதரின் தொழில்வாழ்வில் ஒரு தசாப்தத்துக்கு மேல் இந்த வழக்கு நிழலாக நின்றது.

தண்டனை அளவுக்கு மீறியது என்று அன்று பல கணினியாளர்கள் வாதித்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தண்டனை கடுமையானது என்பதால் செயல் சரியாகிவிடாது. இந்த வழக்கில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, அவருக்கு அந்தப் பிரிவில் அப்போது பொறுப்பு இருக்கவில்லை; பழைய கணக்கு இன்னும் வேலை செய்தது என்பதே அவர் கையிலிருந்த திறவுகோல். கதவு பூட்டப்படாமல் கிடந்தால் அது உள்ளே வரச் சொன்ன அழைப்பாகாது. இரண்டு, வெளியிலிருந்து உள்வலைப்பின்னலுக்கு வழி அமைத்ததற்காக அவர் ஏற்கெனவே நிர்வாகத்தால் எச்சரிக்கப்பட்டிருந்தார். ஆகவே எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலையில் அவர் இருக்கவில்லை. மூன்று, உடைந்த கடவுச்சொற்களை அவர் உடனே மேலிடத்துக்குக் கொண்டுபோகவில்லை. வேறொருவர் கண்டுபிடித்த பின்னர்தான் நோக்கம் பற்றிய விளக்கம் வந்தது. பிடிபட்ட பிறகு சொல்லப்படும் நல்லெண்ணம் உண்மையாகவே இருந்தாலும் அதை நம்பும்படி பிறரைக் கேட்பது கடினம். நிர்வாகத்தின் முன் கிடப்பது பதிவேடு மட்டுமே; மனம் அதில் பதிவதில்லை. யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்று தெரிந்த கணத்திலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும்; எந்தக் கோப்பு கையாளப்பட்டது என்று தேட வேண்டும்; வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டுமா என்று சட்டத்தரணியைக் கேட்க வேண்டும். சோதித்தவரின் மனம் எவ்வளவு தூய்மையானது என்றாலும் இந்தச் செலவு குறையாது.

இலங்கைச் சட்டம் இந்த விடயத்தில் இன்னும் கறாரானது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சட்டபூர்வ அதிகாரம் தனக்கு இல்லை என்று தெரிந்தும் ஒரு கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுகுவதற்காக வேண்டுமென்றே எதையும் செய்பவரைக் குற்றவாளி ஆக்குகிறது. ஒரு இலட்சம் ரூபாவரை அபராதமோ ஐந்து ஆண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சேதம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை. நல்லெண்ணத்தோடு சோதித்தவருக்கு விலக்கும் இல்லை. 6ஆம் பிரிவு தேசிய பாதுகாப்பு, தேசிய பொருளாதாரம், பொது ஒழுங்கு ஆகியவற்றுக்கு ஆபத்து விளைவிக்கும் கணினிச் செயல்களைத் தனியாகக் குற்றமாக்குகிறது. 'தேசிய பாதுகாப்பு' என்ற சொல் கொழும்பு ஊழியரின் காதில் விழுவதுபோல யாழ்ப்பாண ஊழியரின் காதில் விழாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு தலைமுறைகளாக வாழ்ந்த மண் இது. அரச அலுவலகம் ஒன்றின் வலைப்பின்னலில் ஆர்வக்கோளாறால் தேடிப் பார்த்த வடக்கு இளைஞர், தன் செயலுக்கு இன்னொருவர் எவ்வளவு பெரிய பொருளை ஏற்ற முடியும் என்பதைச் செயலுக்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டியவராக இருக்கிறார். அது நியாயமான நிலைமை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறத்தைப் பற்றி எழுதும்போது, ஒருவர் எடுக்கும் அபாயம் அவர் குடும்பத்தின் வாசலிலும் வந்து நிற்கும் என்பதை மறைக்கக் கூடாது.

2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் சிலர் புகுந்து ஒரு செய்தியை இட்டார்கள். க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் காலம் பற்றிய கோரிக்கையோடு, நாட்டின் இணையத்தளங்களின் பாதுகாப்பில் அக்கறை எடுக்கும்படியும் அதில் கேட்கப்பட்டிருந்தது. அதன் தொடர்பில் கைதானவர்களில் ஒருவர் 17 வயது மாணவர். ஒரு பாடசாலை மாணவரால் நுழைய முடிந்த இடமாக நாட்டின் தலைவரது தளம் இருந்தது என்பது வெட்கப்பட வேண்டிய உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சொல்ல அவர் தேர்ந்த வழி, பேச்சு முழுவதையும் ஓட்டையிலிருந்து அவர்மேல் திருப்பிவிட்டது. தளம் ஏன் அப்படி இருந்தது, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. யார் செய்தார், என்ன தண்டனை என்ற கேள்விகள் முன்னுக்கு வந்தன. கேளாமல் செய்யும் சோதனையின் பெரிய தோல்வி இதுதான். பொறுப்பற்ற நிர்வாகத்துக்கு அது ஒரு குற்றவாளியைப் பரிசாகக் கொடுக்கிறது. குற்றவாளி கிடைத்த பிறகு நிர்வாகம் தன் குறைக்குப் பதில் சொல்லத் தேவையில்லாமல் போகிறது.

இதுவரை ஊழியரும் நிறுவனமும் என்ற இரு தரப்பைப் பற்றியே பேசினோம். உண்மையில் மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது. அறத்தின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது. வைத்தியசாலைக் கணினியில் இருப்பது வைத்தியசாலையின் உடைமையாக மட்டும் இல்லை. அது நோயாளிகளின் வாழ்க்கை. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கில் இருப்பது அங்கத்தவரின் கடன், அடகு, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசு. பெரிய நகரத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்று வெறும் பெயர்களாக இருக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படியில்லை. ஊரின் பெயரையும் தகப்பன் பெயரையும் வாசித்தால் யாரென்று தெரிந்துவிடும். சோதித்தவருக்கே அவர் உறவினராக இருக்கலாம். ஒருவர் எந்த நோய்க்கு மருந்து எடுக்கிறார், எந்த வீட்டுக் காணி உறுதி ஈட்டில் இருக்கிறது என்று கண்ணில் பட்டபின் அதை மறக்க முடியாது. கலியாணப் பேச்சு நடக்கும் ஊரில் அந்த அறிவு ஆயுதமாகக்கூட மாறலாம். 'ஓட்டையைக் காட்ட நான்கு பதிவுகளைத்தான் திறந்தேன்' என்று சோதித்தவர் சொல்லலாம். அந்த நான்கு பேரிடமும் யார் கேட்டது? அந்தச் சம்மதத்தை ஊழியர் தானே எடுத்துக்கொள்ள முடியாது. முகாமையாளர்கூட ஓரளவுக்குத்தான் கொடுக்க முடியும்.

பிறர் தரவை எந்த அளவுக்குப் பார்க்கலாம் என்ற கேள்வியை நெதர்லாந்தின் வழக்கொன்று கூர்மையாக எழுப்பியது. அரசியல்வாதியான ஹெங்க் க்ரோல், ஒரு நோயாளி மூலம் தெரியவந்த கடவுச்சொல்லைக் கொண்டு மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றின் கோப்புகளுக்குள் 2012இல் நுழைந்தார். பாதுகாப்பு எவ்வளவு பலவீனமானது என்று ஊடகத்துக்குக் காட்டினார். 2013 பெப்ரவரியில் நீதிமன்றம் அவருக்கு 750 யூரோ அபராதம் விதித்தது. அத்தகைய குறையை வெளிப்படுத்துவதில் பொதுநலன் இருக்கிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் குறையை நிரூபிக்கத் தேவையானதைவிட அதிகமான கோப்புகளை அவர் எடுத்ததும், ஆய்வுகூடத்துக்குத் திருத்திக்கொள்ளப் போதிய அவகாசம் கொடுக்காமல் ஊடகத்திடம் போனதும் எல்லையைத் தாண்டியவை என்று கண்டது. தேவைக்கு மேல் பார்க்காதே, திருத்த இடம் கொடு என்ற இந்த இரண்டு அளவுகோல்களும் எந்த நாட்டுக்கும் பொருந்துபவை.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, மிகப் பலமானது: 'கேட்டால் விடமாட்டார்கள். குறை இருப்பது தெரிந்தும் மறைப்பார்கள். கேட்டவனையே சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.' இது கற்பனைக் குற்றச்சாட்டு இல்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைச் சேவை, கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்றால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்தின் தரவுகள் மீளக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்கு மறுபிரதி இருக்கவில்லை. அந்த மின்னஞ்சல் முறைமை 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கிய நிறுவனமே 2023 ஏப்ரலோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியிருந்தது. நிதிப் பற்றாக்குறையும் முன்னைய நிர்வாகத் தீர்மானங்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. மென்பொருள் காலாவதியானது என்பதையும் மறுபிரதி எடுக்கப்படவில்லை என்பதையும் அறிய எந்த ஊடுருவலும் தேவைப்பட்டிருக்காது. பொறுப்பானவர்கள் தங்கள் சொந்தப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இந்தச் சம்பவத்தைக் காட்டி, 'பார்த்தீர்களா, யாராவது கேளாமல் சோதித்திருந்தால் தப்பியிருக்கலாம்' என்று வாதிடுவது இலகு. நான் அதிலிருந்து வேறு பாடம் எடுக்கிறேன். அங்கே இல்லாமல் போனது பொறுப்பு. அறிவு இல்லாமல் போகவில்லை. கேளாத சோதனை தருவது இன்னும் கொஞ்ச அறிவை மட்டுமே. பொறுப்பை உண்டாக்குவது எழுத்தில் கேட்கப்பட்ட கேள்வி. 'நமது சேவையகத்தின் மென்பொருளுக்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. மறுபிரதி கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது?' என்று ஊழியர் ஒருவர் திகதியிட்ட கடிதம் எழுதினால், அதைப் பெற்றவர் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. கேட்டு மறுக்கப்பட்டதற்கு ஆதாரம் இருக்கும். கேளாமல் செய்தவரிடம் இருப்பது அவருக்கு எதிரான ஆதாரம் மட்டுமே.

குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இந்த வேறுபாட்டை விளக்கும் ஒரு நிகழ்வு கணினிக்கு வெளியே இருக்கிறது. சுன்னாகம் அனல்மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, ஆபத்தை உண்டாக்கியவர்கள் ஒரு தரப்பு, அனுபவித்தவர்கள் இன்னொரு தரப்பு. மக்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தாங்களே அள்ளிச் சோதிக்கக் கொடுக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, கிணறு அவர்களுடையது. மின் நிலையத்தின் மதிலை ஏறிக் குதித்து அதன் தொட்டிகளைத் திறக்க வேண்டிய அவசியம் வரவில்லை. விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி கட்டளையிட்டது. ஆபத்துக்கு உள்ளானவருக்கு இரண்டு உரிமைகள் இருக்கின்றன: தன்னுடையதைத் தானே சோதிக்கும் உரிமை, பிறருடையதைச் சோதிக்கும்படி கோரும் உரிமை. கணினி உலகத்திலும் இவை செல்லுபடியாகும். என் கணக்கு, என் தரவு, என் கைபேசி ஆகியவற்றை நான் சோதிக்கலாம். வங்கியின் சேவையகத்தைச் சோதிக்கும்படி நான் கோரலாம், அழுத்தம் கொடுக்கலாம், வழக்கும் போடலாம். பக்கத்து வளவுக்குள் வேலியை நீக்கி இறங்குவதற்கு இந்த உரிமைகள் நீளமாட்டா.

இரண்டாவது எதிர்வாதம்: 'திருடன் அனுமதி கேட்டுக்கொண்டா வருகிறான்?' கேட்பதில்லை. ஆனால் காவலன் திருடனைப்போல நடந்தால் ஊருக்கு எத்தனை திருடர் என்று யாரும் எண்ண முடியாது. வேலியே பயிரை மேய்ந்த கதையை நாம் எல்லாத் துறைகளிலும் கண்டிருக்கிறோம். இங்கே மறுபக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இந்திய வழக்கு ஒன்று உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் பலவீனங்களை அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து 2010இல் ஆராய்ந்து வெளியிட்டார். பெயர் வெளியிடாத ஒருவர் கொடுத்த இயந்திரத்தின் மேல்தான் ஆய்வு நடந்தது. இயந்திரத் திருட்டுத் தொடர்பில் அந்த ஆண்டு ஓகஸ்டில் அவர் கைதானார்; ஒரு வாரத்தின் பின் பிணையில் வந்தார். இங்கே பெரும் வேறுபாடு ஒன்று இருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் தேர்தல் ஆணையத்தின் முன்னிலையில் வெளிப்படையாகச் சோதித்துக் காட்ட முன்வந்தார். அந்த முயற்சி முடிக்கவிடப்படாமல் நிறுத்தப்பட்டது. கேட்டார், மறுக்கப்பட்டார், ஆய்வை முறைப்படி வெளியிட்டார், தன் பெயரை மறைக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்த தேர்தல் எதிலும் கைவைக்கவில்லை, வாக்காளர் எவரது இரகசியத்தையும் திறக்கவில்லை. கோடிக்கணக்கானோரின் வாக்குரிமை சம்பந்தப்பட்ட இடத்தில், எல்லா வாசலும் அடைபட்ட பின், விளைவை ஏற்கத் துணிந்து செய்யும் மீறலுக்கு ஒரு அறவலிமை உண்டு என்று நான் ஏற்கிறேன். ஆனால் அது சத்தியாக்கிரகத்தின் அறம். அதற்கு முன்நிபந்தனைகள் கடுமையானவை. அலுவலக வலைப்பின்னலில் மதிய உணவு வேளையில் கடவுச்சொற்களை உடைத்துப் பார்ப்பவர் அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்ள முடியாது.

மூன்றாவது எதிர்வாதம் சட்டத்தைப் பற்றியது: 'உலகம் மாறிவிட்டது. அமெரிக்க நீதித் திணைக்களம் 2022 மே மாதத்தில், நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வைக் குற்றமாக வழக்குத் தொடர்வதில்லை என்று கொள்கை வகுத்தது. பெல்ஜியம் 2023 பெப்ரவரி முதல் உடைமையாளரின் முன் அனுமதி இல்லாத சோதனைக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது.' உண்மைதான். ஆனால் பெல்ஜியத்தின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். தீய நோக்கம் இருக்கக் கூடாது. தேவைக்கும் அளவுக்கும் மேல் போகக் கூடாது. கண்டதை விரைந்து உடைமையாளருக்கும் அரச இணையப் பாதுகாப்பு நிலையத்துக்கும் அறிவிக்க வேண்டும். அந்த நிலையத்தின் சம்மதமின்றிப் பகிரங்கப்படுத்தக் கூடாது. அதாவது சமூகமே கூடி, சட்டம் இயற்றி, முன்கூட்டியே அனுமதியைக் கொடுத்துவிட்டது. பெரும் நிறுவனங்கள் ஓட்டையைக் கண்டு சொல்பவருக்குப் பரிசு அறிவித்து விதிகளை வெளியிடுவதும் இதே வகை. தமிழகத்தைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா, 2019இல் இன்ஸ்டகிராமின் ஓட்டை ஒன்றுக்கு 30,000 டொலரும், 2021இல் மைக்ரோசொஃப்ட் கணக்குகளின் ஓட்டைக்கு 50,000 டொலரும் பெற்றார். அவரது திறமையில் ஒரு துளியும் குறையாமல், அதே ஊடுருவும் அறிவைத் திறந்த வாசல் வழியாகப் பயன்படுத்தியவர் அவர். நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முன்மாதிரி இது. இந்த நாடுகளின் அனுபவம் அனுமதியின் தேவையை மறுக்கவில்லை. அனுமதியைப் பரவலாக்கலாம் என்றே காட்டுகிறது.

அனுமதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2019 செப்டெம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நீதிமன்றக் கட்டடம் ஒன்றின் காவலைச் சோதிக்க இரவில் நுழைந்த இரு தொழில்முறைச் சோதனையாளர்கள் கைதானார்கள். அவர்களிடம் மாநில நீதித்துறையின் ஒப்பந்தம் இருந்தது. ஆனால் கட்டடம் மாவட்டத்துக்குச் சொந்தமானது, மாவட்டத்துக்கு யாரும் சொல்லவில்லை. குற்றச்சாட்டுகள் 2020 ஜனவரியில் கைவிடப்பட்டாலும், அனுமதியைக் கொடுக்க உரியவர் யார் என்ற கேள்வியின் கனம் அங்கே தெரிந்தது. இன்னொரு வகைத் தவறை 2020 டிசெம்பரில் இணையப் பெயர்ப் பதிவு நிறுவனமான கோடாடி செய்தது. ஊழியரின் விழிப்பைச் சோதிக்க, விடுமுறைக் கொடுப்பனவு 650 டொலர் தருவதாகப் போலி மின்னஞ்சல் அனுப்பியது. பெருந்தொற்றில் வருமானம் நலிந்த ஆண்டு அது; கண்டனம் எழுந்தபின் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நம் ஊழியருக்கு விசேட கொடுப்பனவு என்று போலி மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அந்தச் சோதனை என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அதிகாரம் உள்ளவர் கொடுத்த அனுமதியும் மனிதரின் மானத்துக்குக் கட்டுப்பட்டதே.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? குடாநாட்டின் கணினி நிறுவனங்களில் பல, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள வாடிக்கையாளருக்கு வேலை செய்கின்றன. அவற்றின் மூலதனம் நம்பிக்கை. ஒரு ஊழியரின் கேளாத சோதனை வாடிக்கையாளரின் பதிவேட்டில் ஊடுருவலாக விழுந்தால், இழப்பது ஒரு வேலையை மட்டுமில்லை. ஒரு ஊரின் பெயரையே. அதைத் தடுக்கும் வழி பெரும் செலவானதல்ல. எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக் கூடாது, எந்த நாள், எந்த நேரம், கண்டதை யாரிடம் சொல்வது, யார் கையொப்பமிட வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் போதும். ஓட்டை ஒன்றைத் தற்செயலாகக் கண்டு சொன்ன ஊழியர் தண்டிக்கப்படமாட்டார் என்ற ஒரு வரி நியமனக் கடிதத்தில் இருக்கட்டும். அத்தகைய ஊழியருக்கும் ஒழுங்கு உண்டு: கண்டவுடன் நிறுத்த வேண்டும், நிரூபிக்க மேலும் உள்ளே போகக் கூடாது, பிரதி எடுக்கக் கூடாது, கண்டதை எழுத்தில் மேலிடத்துக்குக் கொடுக்க வேண்டும், அங்கே அசைவில்லாவிட்டால் 2006 முதல் இயங்கும் இலங்கைக் கணினி அவசர பதிலளிப்பு அமைப்பான 'சேர்ட்'டுக்கு அறிவிக்க வேண்டும். அரச நிறுவனமானால், கடைசிப் பாதுகாப்புக் கணக்காய்வு எந்த ஆண்டில் நடந்தது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகனும் கேட்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பாடங்களில் ஊடுருவும் கலையைக் கற்பிக்கும் அதே மணிநேரத்தில் இந்தச் சட்டத்தையும் அறத்தையும் கற்பிக்க வேண்டும். பயில்வதற்குத் தனியான ஆய்வுகூட வலைப்பின்னல் ஒன்றை மாணவருக்குக் கொடுக்க வேண்டும்.

பாராளுமன்றத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. தனிநபர் தரவுகளைக் காக்கும் பொறுப்பை நிறுவனங்கள்மேல் சுமத்தும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்து பிற்போடப்பட்டன. தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு எதிரான சட்டம் தாமதமானது. அந்தத் தவறைச் சுட்டிக்காட்டுபவரைச் சிறையிடக்கூடிய 2007ஆம் ஆண்டுச் சட்டமோ நீண்ட காலமாக நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சமனின்மை திருத்தப்பட வேண்டும். பெல்ஜியத்தைப்போல நிபந்தனைகளோடு கூடிய விலக்கு ஒன்றைக் கணினிக் குற்றங்கள் சட்டத்தில் சேர்ப்பது நியாயமானது; வடக்கில் அது அவசரமானதும்கூட. சோதிக்கப்படுவதன் வலியை இந்த மண் நன்கு அறியும். 'உங்கள் நன்மைக்காகத்தான்' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் நம் பையைத் திறந்தபோது நாம் எதை இழந்ததாக உணர்ந்தோமோ, அதை நம் கையால் இன்னொருவருக்குச் செய்யக் கூடாது. கணினி அறிவு பெற்ற ஒவ்வொரு இளைஞரிடமும் நான் கேட்பது இது: சோதிப்பதற்கு முன் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு முகாமையாளரிடமும் கேட்பது இது: கேட்டு வருபவரை உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள்.